கரி உலோகத்தைப் பிடிக்கும். அந்தக் கரியை யார் பிடிப்பது?

தேங்காய்ச் சிரட்டை, நெல் உமி, கடலைத்தோல், சீமைக்கருவேல விறகு. இவற்றை அதிகம் காற்றுப் புகாமல் 300 முதல் 700 டிகிரி வரை சூடாக்கினால் கிடைப்பது உயிர்க்கரி, அதாவது பயோசார். கழிவுநீரில் இருக்கும் குரோமியம், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நம் பிள்ளைகள் பலர் படிக்கும் வேதியியல், சுற்றுச்சூழல் துறைகளில் இன்று இது பிரபலமான ஆய்வுத் தலைப்பு. அந்த ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் வருகிறது: "செலவு குறைவு, ஏழை மக்களுக்கு ஏற்ற தொழில்நுட்பம்."

எனக்குச் சண்டை அந்த வரியோடு. கரியோடு அல்ல.

கரி வேலை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. அதன் நுண்துளைகளும், மேற்பரப்பில் இருக்கும் வேதித் தொகுதிகளும் உலோக அயனிகளை இழுத்துப் பிடிக்கின்றன. கொடிய நச்சான ஆறு இணைதிறன் குரோமியத்தை, நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றவும் அதனால் முடியும். ஆனால் இந்த வேலை நன்றாக நடப்பது கடும் அமிலத் தன்மையில்தான். வடிநீரில் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைத்து ஆய்வகத்தில் சோதிப்பது ஒன்று. தோல் ஆலையின் கழிவுநீர் முற்றிலும் வேறு. அதில் உப்பு, சுண்ணாம்பு, சல்ஃபைடு, கொழுப்பு, முடி எல்லாம் கலந்திருக்கும். பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்ததில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. சாதாரண உயிர்க்கரி அந்த உப்பை எடுக்காது.

இப்போது பாலாற்றுக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. வழக்கமான குரோம் பதனிடுதலில் போடுகிற குரோமியத்தில் தோலில் ஏறுவது சுமார் 60 முதல் 70 சதவீதம். மிச்சம் தண்ணீரோடு வெளியேறுகிறது. அதைப் பிடிக்க நாம் உயிர்க்கரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காரம் சேர்த்தால் அந்தக் குரோமியம் கசடாக அடியில் இறங்கிவிடும். கசடை அமிலத்தில் கரைத்து மறுபடியும் பதனிடப் பயன்படுத்தலாம். பல பத்தாண்டுகளாகத் தெரிந்த முறை இது. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் சென்னையிலேயே இருக்கிறது. பாலாறு தொழில்நுட்பம் இல்லாமல் சாகவில்லை.

சட்டம் இல்லாமலும் சாகவில்லை. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, கெட்ட மண்ணையும் நீரையும் மீட்கும் செலவு, இரண்டுமே அவர்கள் பொறுப்பு. 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு லட்சக்கணக்கான டன். உரிமையாளர்கள் போய்விட்டார்கள். கழிவும் அதன் பக்கத்தில் வாழும் மக்களும் அங்கேயே இருந்தார்கள்.

இந்தப் பின்னணியில் "செலவு குறைவு" என்ற சொல்லைக் கேட்டுப் பாருங்கள். யாருக்குச் செலவு குறைவு? காலனித் தெருவில் ஒரு டிரம்மில் கரியை நிரப்பி, "இனி இதில் வடிகட்டிக் குடியுங்கள்" என்று சொன்னால், மாசுபடுத்தியவர் செலவு கீழே இறங்கிப் பாதிக்கப்பட்டவர் தலையில் ஏறிவிட்டது என்று பொருள். கெடுத்தவர் ஒருவர், கரி மாற்றுபவர் இன்னொருவர். ஏழைக்கேற்ற தொழில்நுட்பம் என்பது பல நேரங்களில் பணக்காரருக்கேற்ற தப்பிக்கும் வழி.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. உலோகம் அழிவதில்லை. தண்ணீரில் இருந்தது கரிக்குள் போகிறது, அவ்வளவுதான். சில காலத்தில் கரி நிரம்பிவிடும். அப்போது அது கரி அல்ல, நச்சுக் கழிவு. அதை அள்ளுவது யார்? மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவது யார்? எந்த ஊருக்குப் பக்கத்தில் கொட்டுவார்கள்? எந்தப் பக்கம் சேரி இருக்கிறதோ அந்தப் பக்கம் என்பது நமக்குத் தெரிந்த விடை.

"தொழில்நுட்பத்துக்கு ஏது சாதி?" என்று கேட்பார்கள். தொழில்நுட்பத்துக்கு இல்லை, அதைக் கழுவுகிற வேலைக்கு இருக்கிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936-இலேயே விளக்கிவிட்டார். தோலைத் தொட்டவருக்குத் தீட்டு, தோலை விற்றவருக்கு ஏற்றுமதி விருது. டேனரித் தொட்டிக்குள் இறங்கி விஷவாயுவில் மூச்சடைத்துச் செத்தவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தக் கசடில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிப்பு என்று பெயர் வைத்த இடத்தில்தான் இது நடந்தது.

அப்படியானால் உயிர்க்கரி வேண்டாமா? வேண்டும், நிபந்தனைகளோடு. கரித் தொட்டி ஆலையின் கழிவு வாயில் இருக்க வேண்டும், நம் குடிநீர்க் குழாயில் அல்ல. கெட்டுப்போன ஊர்களுக்குப் பாதுகாப்பான குடிநீரைக் குழாய் வழியாகத் தருவது அரசின் கடமை. அதன் செலவை ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும். நிரம்பிய கரியை 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி கணக்கு வைத்து அகற்ற வேண்டும். அந்த வேலையை இயந்திரம் செய்ய வேண்டும். எந்த மனிதரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஆறு இணைதிறன் குரோமியம் 0.1 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது. தினசரி அளவீட்டை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதிப்போட வேண்டும்.

ஆய்வகத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தாத்தா டேனரிச் சுண்ணாம்புக் குழியில் கால் புண்ணாக நின்றிருக்கலாம். இன்று நீங்கள் அந்தக் குழியின் வேதியியலைப் படிக்கிறீர்கள். படியுங்கள், கரியையும் தயாரியுங்கள். எத்தனை சதவீதம் குரோமியம் நீங்கியது என்பதோடு ஆய்வை முடிக்காதீர்கள். உண்மையான ஆலைக் கழிவுநீரில் சோதித்தேனா, நிரம்பிய கரியை என்ன செய்வது, அதைத் தொடப்போகும் கை யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கும் அதே ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள். வழிகாட்டி அது சமூகவியல் என்று சொல்லித் தள்ளினால், கழிவு எங்கே போகிறது என்று சொல்லாத வேதியியல் பாதி வேதியியல்தான் என்று பதில் சொல்லுங்கள்.