விலை கொடுத்து வாங்கும் தகுதி

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். வானிலை, வழிகாண் கலை, விமானச் சட்டங்கள் என்று வரிசையாகத் தேர்வுகள், முதல் வகுப்பு மருத்துவத் தகுதி, எல்லாமாகச் சேர்த்து அரைக் கோடி ரூபாய் வரை செலவு. இத்தனைக்குப் பிறகும் அந்த உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏர்பஸ் 320-இன் விமானி இருக்கையில் உட்கார முடியாது. எடை மிகுந்த ஒவ்வொரு விமான வகைக்கும் ‘டைப் ரேட்டிங்’ என்னும் தனித் தகுதி வேண்டும். ஏர்பஸ் 320-க்கு வாங்கியது போயிங் 737-க்குச் செல்லாது. 737-க்கு வாங்கியது ஏடிஆருக்குச் செல்லாது. இதற்கு மேலும் 15 முதல் 25 லட்சம் ரூபாய் ஆகும். வேலை கிடைக்குமா என்று தெரியாத நிலையிலேயே இந்தப் பணத்தைக் கட்டி, தகுதியை வாங்கி வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கும் பழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. ‘டைப் ரேட்டிங் உள்ளவர்கள் மட்டும்’ என்று வரும் விளம்பரங்களும் அதற்குத் தண்ணீர் ஊற்றுகின்றன. இந்த நிபந்தனை விமான நிறுவனத்துக்கு நல்ல விமானியைத் தேடித் தருவதில்லை, வசதியுள்ள விமானியைத்தான் தேடித் தருகிறது என்பது என் கருத்து.

டைப் ரேட்டிங் வெறும் காகிதம் என்று நான் சொல்லவில்லை. அந்த விமானத்தின் ஹைட்ராலிக், மின்சார, கணினி அமைப்புகளைப் படிக்க வேண்டும். சிமுலேட்டரில் என்ஜின் தீப்பிடிப்பதிலிருந்து அறைக் காற்றழுத்தம் குறைவது வரை பழக வேண்டும். கடைசியில் பரிசோதகர் முன் ஓட்டிக் காட்ட வேண்டும். பாதுகாப்புக்கு அது கட்டாயம். அதை எப்போது, யார் செலவில் பெறுவது என்பதுதான் கேள்வி. டைப் ரேட்டிங்கோடு வரும் புதியவரையும் நிறுவனம் நேராக விமானத்தில் ஏற்றிவிடுவதில்லை. தன் நடைமுறைகளை மறுபடி கற்றுக்கொடுக்கிறது. பயணிகள் விமானத்தில் பயிற்சி கேப்டனின் கண்காணிப்பில் பல தடவை பறக்க வைக்கிறது. ஆக, முன்கூட்டியே வாங்கிய தகுதியால் நிறுவனத்துக்கு மிச்சமாவது சில வாரங்களும் ஒரு பெருந்தொகையும். விண்ணப்பதாரரின் திறமை பற்றி அதற்குப் புதிதாக என்ன தெரிகிறது? அதிகம் இல்லை. பணம் கட்டிச் சேர்ந்தவரை ‘நீங்கள் இதற்குச் சரிப்பட மாட்டீர்கள்’ என்று திருப்பி அனுப்புவதால் பயிற்சி மையத்துக்கு எந்த லாபமும் கிடையாது. வேலைக்கு எடுக்கப்போகும் நிறுவனமே பயிற்சியும் தந்தால், அந்தக் கண்டிப்பைக் காட்ட அதற்குக் காரணம் இருக்கிறது.

எண்களும் சான்றிதழ்களும் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 2009 பிப்ரவரி 12 அன்று கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407-ஆம் விமானம் பஃபலோ நகருக்கு அருகே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து விமானம் தன் தாங்குதிறனை இழக்கப்போகிறது என்று கருவி எச்சரித்தபோது, கேப்டன் மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதில் கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னால் இழுத்தார். விசாரணை வாரியம் விபத்துக்கு முதன்மைக் காரணமாகச் சொன்னது இதைத்தான். அவர் ஆரம்பத்தில் பணம் கட்டிப் பறக்கும் அனுபவம் சேர்க்கும் திட்டம் ஒன்றின் வழியாகத் துறைக்கு வந்தவர். பல செயல்முறைத் தேர்வுகளில் முதல் முறை தேறாதவர். அவை எல்லாவற்றையும் வேலைக்கு விண்ணப்பித்தபோது சொல்லவும் இல்லை. பணம் கட்டியதால்தான் விபத்து நடந்தது என்று முடிச்சுப் போடுவது நியாயமாகாது. களைப்பு, பயிற்சிக் குறைபாடு என்று வேறு பல கேள்விகளும் அந்த வழக்கில் எழுந்தன. ஆனால் அமெரிக்க நாடாளுமன்றம் கண்ட தீர்வைப் பாருங்கள். துணை விமானிக்கும் 1500 மணி நேரம் வேண்டும் என்ற விதி 2013-இல் அமலுக்கு வந்தது. விபத்தில் சிக்கிய இருவருமே 1500 மணி நேரத்தை எப்போதோ தாண்டியவர்கள்! எண்ணுவதற்கு எளிதானதை எண்ணிவிட்டுத் திருப்திப்படுவது அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் பொதுவான குணம் போலிருக்கிறது.

அதே காலத்தில், விமானக் கல்வி தரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. பிராந்திய விமான நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்த 2000-க்கும் மேற்பட்ட விமானிகள் நிறுவனப் பயிற்சியில் எப்படித் தேறினார்கள் என்று பார்த்தார்கள். நன்றாகத் தேறியவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவை: முறையான விமானக் கல்வி, பறத்தல் பயிற்றுநர் சான்றிதழ், வேலைக்கு முன் 500 முதல் 1000 மணி நேரம் வரையிலான அனுபவம். மணி நேரம் கூடக்கூடத் தேர்ச்சியும் கூடவில்லை. பல்கலைக்கழகங்கள் நடத்திய ஆய்வு பல்கலைக்கழகப் படிப்பை மெச்சுவதில் வியப்பில்லை என்று நீங்கள் சொல்லலாம். அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் பயிற்றுநர் பற்றிய முடிவை ஒதுக்குவது கடினம். மாணவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நாளெல்லாம் அடுத்தவரின் தவறுகளைப் பார்க்கிறார். எந்தக் கணம் வரை விட்டுவைக்கலாம், எந்தக் கணத்தில் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுக்க வேண்டும் என்று பழகுகிறார். தாங்குதிறன் இழக்கும் விமானத்தை மீட்பதை ஒவ்வொரு மாணவருக்கும் திரும்பத் திரும்பச் செய்துகாட்டுகிறார். கோல்கன் கேப்டனின் கை தவறிய இடம் அதுவே. இதுவும் கூடுதல் தகுதிதான். உழைத்துச் சேர்க்க வேண்டிய தகுதி.

முன்கூட்டி வாங்கும் டைப் ரேட்டிங்கில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதை நம் நாட்டு இளைஞர்கள் அனுபவித்தே அறிந்திருக்கிறார்கள். கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2012-இல் பறப்பதை நிறுத்தியது. 2019 மார்ச்சில் போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் உலகெங்கும் தரையிறக்கப்பட்டன. அடுத்த மாதமே, 737 விமானங்களை நிறைய வைத்திருந்த ஜெட் ஏர்வேஸ் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே தெருவில் நின்றபோது, கடன் வாங்கி 737 தகுதி பெற்று வந்த புதியவரை யார் கூப்பிடுவார்கள்? சரி, ஏர்பஸ்தான் பாதுகாப்பு என்று நினைத்தவர்களுக்கு 2023 மே மாதம் ஏர்பஸ் விமானங்களை ஓட்டிய கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் நின்றுபோனது பதில் சொன்னது. பறக்காமலே வைத்திருந்தால் இந்தத் தகுதி மங்கும். உயிர்ப்போடு வைத்திருக்க மறுபடியும் சிமுலேட்டர், மறுபடியும் பணம். எந்த விமானத்தை வாங்குவது, எந்தச் சந்தையில் இறங்குவது என்பதெல்லாம் நிறுவனம் எடுக்கும் வியாபார முடிவுகள். அவற்றின் நஷ்டக் கணக்கை 22 வயதுப் பட்டதாரியின் பெயரிலும், வீட்டை அடகு வைத்த அவருடைய பெற்றோரின் பெயரிலும் எழுதுவது என்ன நீதி?

நிறுவனங்கள் சொல்லும் பதில் தெரிந்ததே: நாங்கள் செலவழித்துப் பயிற்சி கொடுப்போம், மறுநாள் போட்டி நிறுவனம் கொத்திக்கொண்டு போய்விடும். இந்த அச்சம் பொய்யில்லை. ஆனால் அதற்கு மருந்து ஏற்கெனவே கையில் இருக்கிறது. வேலையை விட விரும்பும் துணை விமானி 6 மாதமும் கேப்டன் 12 மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் 2017-இலேயே விதி போட்டது. வேறு எந்த வேலையில் இப்படி ஒரு பூட்டு உண்டு? அதோடு, பயிற்சிச் செலவை ஒவ்வொரு ஆண்டுப் பணிக்கும் இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வரும் ஒப்பந்தமும் போட்டுக்கொள்ளலாம். சொந்தப் பணத்தைப் போட்டவருக்கு அக்கறை அதிகம் என்று ஒரு வாதமும் கேட்கிறது. அரைக் கோடி செலவழித்து உரிமம் வாங்கியவரிடம் இன்னும் எதைக் கொண்டு அக்கறையை அளக்கப் போகிறார்கள்? தேர்வு வைத்து ஆளை எடுத்த பிறகு பயிற்சி தரும் ‘கேடட்’ திட்டங்கள் இதைவிட மேல். தகுதியில்லாதவர் முதலிலேயே வடிகட்டப்படுகிறார். ஆனால் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தொட்டுவிடுவதால், அந்த வரிசையில் நிற்பதற்கே வசதி வேண்டியிருக்கிறது.

முதல் வேலைக்கான விளம்பரத்தில் டைப் ரேட்டிங்கை நிபந்தனையாக வைப்பதை இயக்குநரகம் தடுக்கலாம். வேலை உறுதியான பிறகு நிறுவனமே அதைத் தரட்டும். நம் பயிற்சிப் பள்ளிகளில் அனுபவமுள்ள பயிற்றுநர்கள் நிலைப்பதில்லை. கிடைத்த முதல் வாய்ப்பில் விமான நிறுவனத்துக்குப் போய்விடுகிறார்கள். அப்படியானால் குறிப்பிட்ட காலம் பயிற்றுநராக இருந்தவருக்குத் தேர்வில் முன்னுரிமை என்று நிறுவனங்கள் வெளிப்படையாக அறிவிக்கட்டும். பள்ளிக்கு ஆள் கிடைக்கும். பயிற்றுநர் சம்பளம் வாங்கிக்கொண்டே மணி நேரம் சேர்ப்பார். நிறுவனத்துக்கும் விண்ணப்பத்தில் படித்துப் பார்க்க உருப்படியான ஒரு வரி இருக்கும். விதி மாறும்வரை காத்திருக்க முடியாத புதிய உரிமக்காரர்களுக்கு என் யோசனை இதுதான்: அழைப்புக் கடிதம் கையில் இல்லாமல் எந்த விமான வகைக்கும் 20 லட்சம் கட்டாதீர்கள், அதில் ஒரு பகுதியிலேயே பயிற்றுநர் தகுதியை வாங்கிவிடலாம்.