மலையடிவாரமும் ஆசிரியரின் கடமையும்

உறுதிக்கு உவமை கூற விரும்புவோர் மலையையே கூறுவர். விஞ்ஞானம் காட்டும் மலையோ ஓயாது மாறிக்கொண்டிருப்பது. பூமியின் உள்விசை அதற்கு உருவம் தருகிறது. மழையும் வெயிலும் அதனைத் தேய்க்கின்றன. காலத்தால் மிகவும் பிந்தி வந்த மனிதன் அதனை வெட்டுகிறான். இம்மூன்றின் பங்கையும் பிரித்தறியும் பயிற்சி பள்ளியிலும் களத்திலும் வளரவேண்டும். அது வெறும் பாடப்பொருள் அன்று. மலையடிவாரத்தில் வாழ்வோரின் உயிரைப் பற்றியது.

மும்பையிலுள்ள மாட்டுங்கா, கனமழையில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி நீர் தேங்கும் தாழ்ந்த பகுதி. அங்குள்ள மாணவனுக்கு மலை தொலைவிலுள்ள ஒன்றாகத் தோன்றுதல் இயல்பே. ஆயினும் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சென்னைக்குச் செல்லும் இரயில், கர்ஜத் நிலையத்தைக் கடந்ததும் துணை எஞ்சின்கள் பின்னின்று தள்ள, போர்காட் மலைப்பாதையில் ஏறுகிறது. 1863இல் திறக்கப்பட்ட அப்பாதையின் கடும் ஏற்றம் 37 அடிக்கு ஓர் அடி. சன்னல் வழியே தெரியும் சகியாத்திரி, படிக்கட்டுகளை அடுக்கியதுபோல் காட்சியளிக்கும். அப்படிகளின் வரலாறே இம்மலையின் வரலாறு.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைக் குழம்பு வெள்ளமெனப் பரவி, அடுக்கின்மேல் அடுக்காக உறைந்தது. அக்காலத்தை ஒட்டியே சீஷெல்ஸ் நிலப்பகுதி இந்தியாவினின்று பிரிந்து விலகியது. மும்பையின் பாறை அடுக்குகள் இன்றும் கடலை நோக்கிச் சாய்ந்திருப்பதைக் காணலாம். சகியாத்திரி, இமயத்தைப்போல் நிலம் மடிந்து எழுந்த மலை அன்று. அது பீடபூமியின் மேற்கு விளிம்பு.

அவ்விளிம்பைச் செதுக்கும் உளி பருவமழை. கடற்காற்று மலையில் மோதி மேலெழுவதால், மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. மலைக்குக் கிழக்கேயுள்ள புணேயில் ஏறத்தாழ 700 மில்லிமீட்டரே. மலை மழையை வருவிக்கிறது. அம்மழையே மலையை அறுக்கிறது. கெட்டியான பாறை செங்குத்தாக நிற்க, நுண்துளைகள் நிறைந்த அடுக்கு எளிதில் சிதைந்து மண்ணாகிறது. பாறை வெடிப்புகளின் வழியே இறங்கும் நீர், களிமண் அடுக்கைத் தாண்ட இயலாமல் தேங்குகிறது. நீரின் அழுத்தம் மிகமிக மண்ணின் பிடிப்புத் தளர்கிறது. ஒரு கட்டத்தில் சரிவு முழுதும் நழுவுகிறது.

மனிதனின் பங்கு இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. சரிவின் அடியை வெட்டுவது சுவரின் அடிக்கல்லைப் பெயர்ப்பதற்கு ஒப்பானது. நீரோடும் வழியை அடைப்பதும், வேரால் மண்ணைப் பிணைக்கும் மரங்களை அழிப்பதும் அத்தகையனவே. 2000ஆம் ஆண்டு ஜூலையில் மும்பையின் காட்கோபரில் குன்றுச் சரிவு குடிசைகளின்மேல் விழுந்து எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 ஜூலை 18 அன்று செம்பூர் பாரத் நகரில், சரிவையொட்டி நின்ற சுவர் இடிந்து வீடுகளின்மேல் விழுந்ததில் பலர் இறந்தனர். பூமியின் உள்விசையும்கூட மனிதன் தொடாத ஒன்றன்று. 1967 டிசம்பரில் கொய்னாவில் நேர்ந்த பெரும் பூகம்பத்திற்கு, அணையில் தேக்கிய நீர் தூண்டுதலாயிற்று என்பது அறிஞர்கள் பரவலாக ஏற்ற முடிபு.

ஆயினும் எல்லாப் பழியையும் மனிதன்மீதே சுமத்துவதும் பிழை. 2023 ஜூலை 19 இரவு, இராய்காட் மாவட்டத்தின் இர்ஷால்வாடி மண்ணில் புதைந்தது. வண்டி செல்லும் சாலையே இல்லாத பழங்குடிச் சிற்றூர் அது. 27 உடல்களே மீட்கப்பட்டன. மேலும் ஐம்பதுக்கு மேற்பட்டோர் காணாமற்போயினர். நிலச்சரிவு அபாயமுள்ள ஊர்களின் பட்டியலில் அவ்வூர் இடம்பெற்றிருக்கவில்லை.

இதனின்று பெறவேண்டிய படிப்பினை ஒன்று உண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 2014இல் தொடங்கிய தேசிய நிலச்சரிவு வரைபடத் திட்டம் மிகப் பயனுள்ள பணி. அவ்வரைபடங்களின் அளவு 50,000க்கு 1. அஃதாவது, தாளில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் அரைக் கிலோமீட்டர். நூறு மீட்டர் அகலமுள்ள சிற்றூர் அதில் இரண்டு மில்லிமீட்டர் புள்ளியே. அப்புள்ளியின் பின்னுள்ள சரிவில் புதிதாகத் தோன்றிய வெடிப்பை எந்த வரைபடமும் காட்டாது. அங்கு நாள்தோறும் செல்லும் மனிதனின் கண்தான் காட்டும்.

இது நிபுணர் வேலை, ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் இதில் என்ன பங்கு என்று சிலர் கேட்கக்கூடும். காரணத்தை ஆராய்வது நிபுணர் வேலைதான். அறிகுறியைக் காண்பதற்குப் பட்டம் வேண்டுவதில்லை. சரிவில் வெடிப்பு, சாய்ந்த மரங்களும் கம்பங்களும், புதிய ஊற்று, திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஓடை ஆகியவற்றைக் களப்பணியாளர் மழைக்கு முன்னும் பின்னும் பார்த்துத் தேதியுடன் குறித்து மேலிடத்திற்கு அனுப்பவேண்டும். ஆசிரியர் மலைப்பாடத்தை இமயத்தில் தொடங்காமல், பள்ளிக்கு அருகிலுள்ள குன்றில் தொடங்கலாம். மாட்டுங்கா மாணவருக்குப் பழைய கோட்டை நிற்கும் சயான் குன்று அருகிலேயே உள்ளது. பாறை எது, மண் எது, நீர் இறங்கும் வழி எது, மனிதன் வெட்டியது எது என்று அங்கே காட்டலாம்.

எச்சரிக்கை மட்டும் போதாது என்பதும் உண்மை. அடிவாரத்தில் வாழும் ஏழை அபாயம் அறியாமல் அங்கே குடியேறியவன் அல்லன். வேறிடம் இல்லாமையால் குடியேறியவன். மாற்றிடம் தராத எச்சரிக்கை அவனுக்குப் பயன்படாது. ஆனால் மாற்றிடம் கோருவதற்கும் சான்று வேண்டும். அச்சான்றைத் தேதியோடு எழுதிவைப்பவர் களப்பணியாளர். அதைப் படித்தறியும் குடிமக்களை உருவாக்குபவர் ஆசிரியர். பூமியின் விசையையும் பருவமழையையும் நிறுத்த இயலாது. சரிவின் அடியில் மண்வெட்டி விழுமுன் கேள்வி கேட்க இயலும்.