எழுத்துக்கு எஜமானர் யார்?

காஞ்சிபுரம் ஜில்லா, உத்திரமேரூர்த் தாலூகாவில் திருப்புலிவனம் என்றொரு கிராமம் இருக்கிறது. வியாக்ரபுரீசுவரர் என்னும் திருநாமத்தோடு சிவபெருமான் கோயில் கொண்டிருக்கும் தலம் அது. வியாக்ரம் என்றால் புலி. ஆகவே அவ்வூர்ப் பெயரில் வரும் எழுத்து லகரமா, ளகரமா என்பதில் சந்தேகத்துக்கு இடமேயில்லை. லகரத்தை ளகரமாக்கிவிட்டால் புலி போய்ப் புளி வந்துவிடும்; தலபுராணம் சமையற்கட்டுச் சாமானாகிவிடும். அவ்வூர்க் குடியானவர் ஒருவர் தமது கைப்பேசியில் தாசில்தாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விரல் தவறிப் 'புளி' என்று விழுந்தால், எழுத்துப்பிழை பார்க்கும் செயலி அவரை எச்சரிக்குமா? அதற்குப் புலியும் தெரியும், புளியும் தெரியும், ஊர் தெரியாது. அகராதியிலே ஊர்ப்பெயர் இல்லாத வரையில், சரியாக எழுதினாலும் சிவப்புக் கோடுதான். தவறாக எழுதினாலும் அதே சிவப்புக் கோடுதான். குற்றவாளிக்கும் நிரபராதிக்கும் ஒரே தண்டனை விதிக்கும் நியாயஸ்தலத்தை எவர் மதிப்பார்?

இதை அற்ப விஷயமென்று தள்ளிவிடுவோர் உண்டு. அவர்களுடைய அபிப்பிராயத்தை நாம் ஒப்புவதற்கில்லை. நம் ஜனங்கள் இன்று எழுதுவதில் பெரும் பங்கு காகிதத்தில் எழுதப்படுவதில்லை. உள்ளங்கையளவு கண்ணாடித் தகட்டின்மேல் எழுதப்படுகிறது. கடிதமும், கடைக்கணக்கும், கட்சிக்காரருக்கு வக்கீல் அனுப்பும் செய்தியும், கிராம சபைக்கு அழைப்பும் அதிலேதான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவருக்கு அந்த யந்திரமே வாத்தியார். அது கோடு போட்டால் தம்முடைய தமிழே பிழையென்று அவர் நாணுகிறார். இரண்டு மூன்று முறை இப்படி நாணியபின் என்ன செய்கிறார்? தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதத் தொடங்குகிறார். அங்கே புலிக்கும் புளிக்கும் வித்தியாசமே இல்லை. லகர, ளகர, ழகர பேதம் பாமரர் நாவில் ஒருவாறு பிழைத்திருந்தாலும், எழுத்தில் ஒழிந்துபோகும். தொல்காப்பியர் காலந்தொட்டு வகுத்துக் காத்த பேதம் ஒரு சிவப்புக் கோட்டுக்கு அஞ்சி ஒழிவதென்றால், அதனைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பது நமக்கு அழகாகுமா?

யந்திரம் இப்படித் தடுமாறுவதற்குக் காரணம் அது ஆங்கிலத்துக்கென்று பிறந்தது என்பதே. 1970களில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டக்ளஸ் மக்கில்ராய் என்பவர் சுமார் 30,000 ஆங்கிலச் சொற்களை 64 கிலோபைட் என்னும் சொற்ப இடத்துக்குள் அடக்கிக் காட்டினார். 1986ல் ஃபிராங்க்ளின் கம்பெனியார் 'ஸ்பெல்லிங் ஏஸ்' என்ற கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். எழுதிய சொல் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதே அடிப்படை வேலை. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு ஒருமை, பன்மை என்று இரண்டு மூன்று வடிவமே உண்டாதலால் அந்த உபாயம் பலித்தது. நமது பாஷையோ அப்படிப்பட்டதன்று. வீடு என்ற ஒரு சொல் வீட்டை, வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீடுகளுக்கும், வீடுகளிலிருந்துதானா என்று விரிந்துகொண்டே போகிறது. வினைச்சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. 'வராதவர்களுக்காகவாவது' என்பது நமக்கு ஒரே சொல். சென்னைச் சர்வகலாசாலையார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. அவை அனைத்தையும் கைப்பேசியில் ஏற்றினாலும், உருபேற்ற சொற்களை ஆக்கும் விதிகளையும் உடன் ஏற்றாவிட்டால், பத்துச் சொல்லுக்குப் பாதிக்கேனும் சிவப்புக் கோடு விழுந்தே தீரும்.

இது தீர்க்க முடியாத சங்கடமோ என்றால், அன்று. ஒரு கோடி ஜனங்கள்கூட இல்லாத ஹங்கேரி தேசத்தார் பேசும் பாஷையும் நம்முடையதைப் போலவே ஒட்டுக்கு மேல் ஒட்டுச் சேர்த்து வளர்வது. அத்தேசத்து லாஸ்லோ நெமெத் என்பவர் சொற்பட்டியலை ஒரு பக்கமும் ஒட்டு விதிகளை மறுபக்கமுமாக வைத்து 'ஹன்ஸ்பெல்' என்னும் மென்பொருளை ஆக்கி, எவரும் எடுத்தாளும்படி இலவசமாக உலகத்துக்கு அளித்தார். ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆபீஸும் பிழை பார்ப்பது அதைக் கொண்டுதான். பின்லாந்தில் 60 லட்சம் ஜனங்கள்கூட இல்லை. அத்தேசத்து கிம்மோ கொஸ்கென்னியெமி 1983லேயே தம் பாஷையின் சொல்லாக்க விதிகளைக் கணினிக்குக் கற்பிக்கும் வழியைக் கண்டார். 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாத்திரம் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 6 கோடியே 90 லட்சம் பேர். இவ்வளவு பேர் கூடிச் செய்யமாட்டாததையா அவர்கள் செய்துவிட்டார்கள்?

நம்மவர்கள் சும்மா இருந்துவிட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 2005லேயே 'செல்லினம்' மூலமாகக் கைப்பேசியில் தமிழ் எழுதும் வசதியை அளித்தார். பேராசிரியர் தெய்வசுந்தரம் நயினார் 'மென்தமிழ்' என்னும் சொல்லாளரைப் பிழைதிருத்தியோடு ஆக்கினார். நீச்சல்காரன் என்ற பெயரால் அறியப்படும் இளைஞர், தம் பிழைப்புக்கான வேலைக்கு இடையே, சந்திப்பிழைக்கு 'நாவி'யையும் எழுத்துப்பிழைக்கு 'வாணி'யையும் படைத்து இலவசமாக வழங்கினார். இவர்களுக்குத் தமிழ்நாடு கடமைப்பட்டிருக்கிறது. ஆயினும் தனி மனிதர் தோளில் ஒரு பாஷையின் சுமையை ஏற்றிவிட்டு, மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருப்பது நீடித்து நடக்கக்கூடிய ஏற்பாடன்று.

சந்தி என்றோம். பண்டிதர்கள் இங்கேதான் யந்திரத்தைப் பார்த்து நகைக்கிறார்கள். அதில் நியாயமும் இல்லாமலில்லை. 'மாலை கட்டினாள்' என்றால் பூத்தொடுத்தாள் என்று பொருள். 'மாலைக் கட்டினாள்' என்று ஓர் ஒற்றைச் சேர்த்தால், மாலாகிய கண்ணனையே உரலோடு கட்டிவிட்ட யசோதை கண்முன் வந்து நிற்கிறாள். இரண்டும் பிழையற்ற தமிழே. சொல்லைத் தனித்தனியே எடுத்துப் பார்க்கும் செயலி இதை எப்படித் தீர்மானிக்கும்? எழுதுகிறவருடைய கருத்தை அறிந்தாலன்றி முடியாது. ஆகவே யந்திரம் வந்தால் இலக்கணப் படிப்பு ஒழிந்துபோம் என்று அஞ்சுவோர் அஞ்ச வேண்டியதில்லை. அது கைகாட்டி மரம், வண்டியோட்டி அன்று.

இனி, நம்மை உண்மையில் உறுத்துகிற கேள்விக்கு வருவோம். இன்ன சொல் சரி, இன்ன சொல் பிழை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அந்தச் செயலிக்கு அளித்தவர் யார்? முன்காலத்தில் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் குழப்பம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அதை நீக்க வழி கண்டார். அறிஞர்கள் அதை ஆராய்ந்து ஏற்றார்கள். ஈ. வெ. ராமசாமிப் பெரியார் 1935ல் 'குடி அரசு' பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். கட்சியும் எதிர்க்கட்சியுமாக நாற்பது வருஷங்களுக்கு மேல் வாதம் நடந்து, 1978ல்தான் சர்க்கார் உத்தரவு பிறந்தது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஓர் உத்தரவு வெளிவந்தது. ஜனங்கள் சிரித்தார்கள், சினந்தார்கள், மாற்று யோசனை சொன்னார்கள். சில தினங்களுக்குள் சர்க்கார் அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. உத்தரவு நல்லதோ, கெட்டதோ, அதை ஆட்சேபிக்க ஒரு வாசல் இருந்தது என்பதே நாம் குறிப்பிட விரும்புவது. கைப்பேசி அகராதிக்கு அப்படி ஒரு வாசல் உண்டா? கடல் கடந்த கம்பெனியொன்றின் காரியாலயத்தில் ஒரு பட்டியல் திருத்தப்படுகிறது. நாம் உறங்கும்போது அது நம் கைப்பேசியில் வந்து இறங்கிவிடுகிறது. நேற்றுச் சரியாயிருந்த சொல் இன்று சிவப்பேறுகிறது. காரணம் கேட்க ஆளில்லை.

சென்னையில் உட்கார்ந்து பட்டியல் செய்தாலும் இந்த ஆபத்து ஒழியாது. யாழ்ப்பாணத்தார் 'விடயம்' என்றும் 'ரூபா' என்றும் எழுதுகிறார்கள். நாம் 'விஷயம்' என்றும் 'ரூபாய்' என்றும் எழுதுகிறோம். ஒருவர் வழக்கை மற்றவர் பிழையென்று கோடிட உரிமையேது? உள்ளூரிலேயே வழக்கு இருக்கிறதே. சாஸன ஆராய்ச்சியாளர் 'உத்தரமேரூர்' என்கிறார்கள்; சர்க்கார் பலகையும் தேர்தல் தொகுதியும் 'உத்திரமேரூர்' என்கின்றன. யந்திரம் எந்தக் கட்சியில் சேரும்?

அந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலே முதற் பராந்தகனுடைய 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறக்குறைய 919ல், குடவோலைத் தேர்தல் விதிகள் பொறிக்கப்பட்டன என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். அவ்விதிகளில் குறை கண்டு, இரண்டே வருஷங்களில் திருத்தினார்கள் என்பதையும், அந்தத் திருத்தத்தையும் அதே கோயிலில் யாவரும் பார்க்க வெட்டி வைத்தார்கள் என்பதையும் சிலர் மறந்திருக்கலாம். நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே இடமளித்த அந்தச் சபையில் நம் வாசகர்களில் மிகப் பெரும்பாலோர் காலடி வைத்திருக்க முடியாது. ஆகையால் அதைப் பொற்காலமென்று நாம் போற்றவில்லை. பழைய சாஸனங்களிலே புள்ளி பெரும்பாலும் இராது. இன்றைய பிழைதிருத்தியிடம் அகப்பட்டால் வரிக்கு வரி சிவப்பாகும். ஆனால் விதியையும் விதியின் திருத்தத்தையும் ஊரறியச் சுவரில் வைக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று என்பதற்கு அது போதிய சாட்சி. சாஸனத்தில் 'ஏரி வாரியம்' என்று வருகிற வாரியம்தான் இன்று மின்வாரியமாக நம் வாயில் வழங்குகிறது.

சட்டம் பயின்றவர் என்ற முறையிலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆவணத்தில் ஆள் பெயரிலோ சொத்தின் வருணனையிலோ சிறு பிழை இருந்தாலும், யாரை, எதைக் குறிக்கிறதென்று தெளிவாக விளங்குமாயின் ஆவணம் கெடாது என்பது பழைய நியாயம். தீர்ப்பிலே நேர்ந்த எழுத்துப்பிழையை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாமென்று 1908ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம் 152ஆவது பிரிவில் சொல்லியிருக்கிறது. நீதிபதிக்கு மன்னிக்கத் தெரியும். கணினிப் பதிவேட்டுக்குத் தெரியாது. பட்டாவில் ஒரு விதமாகவும், ஆதாரில் ஒரு விதமாகவும், ரேஷன் கார்டில் மற்றொரு விதமாகவும் தம் பெயரும் தகப்பனார் பெயரும் விழுந்துவிட்டபடியால், ஒரே மனிதர் தாம் மூவரல்லர் என்று நிரூபிக்கத் தாலூகா கச்சேரிக்கு நடையாய் நடக்கும் காட்சியைக் காணாத வக்கீல் இந்த மாகாணத்தில் இருக்கமாட்டார். 1956ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் தமிழைச் சர்க்கார் பாஷையாக்கிற்று. விண்ணப்பம் எழுதும் கருவியில் ஊர்ப்பெயரே பிழையென்று விழுந்தால் அந்தச் சட்டம் ஏழைக்கு என்ன பலன் தரும்?

'அகராதியில் சேர்' என்றொரு பொத்தான் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. திருப்புலிவனத்துக் குடியானவர் அதைத் தொட்டுத் தம் ஊரைச் சேர்த்துக்கொள்ளலாம். அண்டை வீட்டார் மறுபடி சேர்க்க வேண்டும். கைப்பேசி தொலைந்தால் மூன்றாம் முறையும் சேர்க்க வேண்டும். ஆயிரம் பேர் தனித்தனியே ஆயிரம் கிணறு வெட்டுகிறார்கள். ஊருக்கென்று ஓர் ஏரி இல்லை.

ஆகவே நாம் சர்க்காரைக் கேட்பது இது. செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலி இயக்ககம் 'சொற்குவை'யில் சொற்களைத் தொகுத்து வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் பிழைதிருத்தி செய்திருக்கிறது. ஜனங்களுடைய வரிப்பணத்தில் உண்டான இவற்றைச் சொற்பட்டியலும் சொல்லாக்க விதிகளும் அடங்கிய ஒரே பொதுச் சொத்தாக்கி, எந்தக் கம்பெனியாயினும் எந்த மாணவனாயினும் அனுமதி கேளாமல் எடுத்துக் கையாளும்படி திறந்துவிட வேண்டும். வருஷந்தோறும் சேர்த்தவை இவை, நீக்கியவை இவை, காரணம் இது என்று கெஜட்டில் பிரசுரிக்க வேண்டும். ஆட்சேபத்துக்குத் தவணை கொடுக்க வேண்டும். வழக்கு இரண்டாக இருக்குமிடத்தில் இரண்டையும் ஏற்க வேண்டும். கம்பெனிகள் இதைக் கையாளாவிட்டால் என்ன செய்வதென்று கேட்கலாம். சர்க்கார் தான் விலைக்கு வாங்கும் ஒவ்வொரு கருவிக்கும் இதை நிபந்தனையாக்கட்டும், அப்போது தெரியும்.

தேசத் தொண்டர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மேடைப் பிரசங்கத்தைவிடக் கஷ்டமான வேலைதான். தத்தம் தாலூகாவிலுள்ள குக்கிராமம், ஏரி, மதகு, கலங்கல், வாய்க்கால், நத்தம், மேடு இவற்றின் பெயர்களை அங்கேயே வாழும் முதியோர் வாயால் கேட்டு, எழுத்து வழுவாமல் எழுதித் தொகுக்க வேண்டும். தறிக்காரர், குயவர், ஏர் பிடிப்பவர் வழங்கும் தொழிற்சொற்களில் அச்சேறாதவை எத்தனையோ. நூற்கும் நூலுக்குச் சுதேசி வேண்டுமென்று ஒரு தலைமுறை கிளம்பிற்று. எழுதும் நூலுக்கும் அது வேண்டாமா?

சர்க்கார் முதற்காரியமாக ரெவினியூக் கிராமங்களின் பெயர்ப் பட்டியலைத் தமிழில் சரிபார்த்து வெளியிடட்டும். அதற்கு ஆராய்ச்சியும் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம். ஜாபிதா கச்சேரிகளிலேயே இருக்கிறது. காஞ்சிபுரம் ஜில்லாவிலிருந்து தொடங்கலாம். அப்படித் தொடங்குகையில், உத்தரமேரூரா, உத்திரமேரூரா என்பதற்கும் கலெக்டர் அவர்கள் ஒரு பதிலைக் காரணத்தோடு எழுதி, அதைத் தாலூகா கச்சேரிச் சுவரில் ஒட்டி வைப்பாரானால் உபகாரமாயிருக்கும்.