படம் முடிந்த பிறகு பேசுவோம்

சென்ற வருடம் இரண்டாம் தவணைப் பரீட்சைக்கு இன்னும் பத்து நாட்கள் இருந்தன. இரவு மூன்று மணி. போர்வைக்குள் கைப்பேசியை மறைத்து வைத்துக்கொண்டு ஒரு கொரியத் தொடரின் பதினான்காவது அத்தியாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு அத்தியாயங்களையும் நான்கு இரவுகளில் முடித்துவிடுவது என் திட்டம். தஹஜ்ஜுத் தொழ எழும்பிய உம்மா போர்வையை விலக்கினார்.

ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். உம்மா கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, "அப்படி என்ன கதை அது? சொல்லு பாப்பம்" என்று கேட்டார்.

என்னால் சொல்ல முடியவில்லை. பணக்காரப் பையன், ஏழைப் பெண், ஒரு விபத்து, ஒரு மறதி நோய். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பதின்மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் பார்த்த ஒன்றைப் பற்றி எனக்கென்று ஒரு கருத்துக்கூட இருக்கவில்லை. உம்மா கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் தவணையில் எனக்குக் கிடைத்த புள்ளிகளை என் வகுப்புத் தோழிகள் அறிவார்கள். மற்றவர்களுக்கு நான் சொல்லப்போவதில்லை.

பரீட்சை முடிந்ததும் வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது. உம்மா, வாப்பா, நான், எட்டாம் தரத்தில் படிக்கும் தம்பி. கைப்பேசியை முற்றாக நிறுத்திவிட வேண்டும் என்பது உம்மாவின் கட்சி. வாப்பா வேறு ஒரு யோசனை சொன்னார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு, வீட்டு மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது. படம் முடிந்ததும் ஆளுக்கொரு கருத்துச் சொல்லிவிட்டுத்தான் எழும்ப வேண்டும். உம்மா ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். எல்லோரும் சேர்ந்திருந்து பார்க்க முடியாத ஒன்றைத் தனியாகவும் பார்க்கக் கூடாது. அப்படி நாங்கள் பார்த்தவற்றில் சிலவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்த்தது 'சில்ரன் ஒப் ஹெவன்'. ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி 1997இல் எடுத்த படம். தைத்து வாங்கிய தங்கையின் சப்பாத்தை அலி என்ற சிறுவன் தொலைத்துவிடுகிறான். புதிது வாங்க வீட்டில் வசதியில்லை என்பது அவனுக்குத் தெரியும். எனவே வாப்பாவிடம் சொல்லாமல் அண்ணனும் தங்கையும் ஒரே சோடிச் சப்பாத்தை மாற்றி மாற்றி அணிந்து பாடசாலைக்குப் போகிறார்கள். அவள் காலை வகுப்பு, அவன் பிற்பகல் வகுப்பு. படத்தில் சண்டையும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனால் தங்கை பாடசாலை விட்டு ஓடி வரும்போது என் தம்பி கதிரை நுனிக்கே வந்துவிட்டான்.

வாப்பாவுக்குப் பிடித்தது ஒரு சிறிய காட்சி. அலியின் தந்தை பள்ளிவாசலுக்காகச் சீனிக்கட்டிகளை உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் தேநீர் கொடுக்கிறாள். முன்னால் அவ்வளவு சீனி குவிந்திருக்க, தன் தேநீருக்கு வீட்டுச் சீனியைக் கொண்டுவரச் சொல்கிறார். இது பள்ளிவாசலுக்குரியது என்கிறார். அமானிதம் பற்றி நான் கேட்ட உரைகளில் பலவற்றை மறந்துவிட்டேன். அந்தச் சீனியை மறக்க முடியவில்லை.

தம்பி ஒரு கேள்வி கேட்டான். "அலி ஏன் வாப்பாட்ட சொல்லாம மறைச்சான்?" வாப்பா சிரித்துக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் என்னட்ட மறைச்சதையெல்லாம் முதல்ல சொல்லுங்க பாப்பம்" என்றார். அலி மறைத்தது தந்தையின் மனம் நோகக் கூடாது என்பதற்காக. நான் கைப்பேசியை மறைத்தது ஏச்சு வாங்கக் கூடாது என்பதற்காக. இரண்டும் ஒன்றல்ல என்று அன்று எனக்கு விளங்கியது.

அடுத்தது நம் வீடுகளில் பலரும் அறிந்த 'எர்துருல்'. 2014 முதல் 2019 வரை துருக்கியின் தேசியத் தொலைக்காட்சியில் ஐந்து பருவங்களாக வெளிவந்த தொடர். வாப்பாவும் தம்பியும் இதன் தீவிர ரசிகர்கள். பெரியவர்களைக் கலந்தாலோசிக்கும் பழக்கம், கூடாரத்தையே வழிநடத்தும் ஹைமே அன்னையின் உறுதி, முக்கியமான எதையும் பிஸ்மில்லாஹ்வோடு தொடங்குவது எனப் பாராட்ட நிறைய இருக்கிறது. பார்க்க வெட்கப்பட வேண்டிய காட்சிகள் இல்லாததால் உம்மாவும் கூட இருந்தார்.

என் கருத்து வீட்டில் சண்டையைக் கிளப்பியது. உண்மையான எர்துருலைப் பற்றி வரலாற்றில் நமக்குக் கிடைப்பது மிகவும் சொற்பம். அவருடைய மகன் உஸ்மானின் நாணயமொன்றில் தந்தையின் பெயராக அது இருக்கிறது. அவர் வாழ்ந்தது 13ஆம் நூற்றாண்டில். உஸ்மானியர்களின் முதல் வரலாற்று நூல்கள் அதற்கு நூறு வருடங்களுக்கும் பிறகே எழுதப்பட்டன. ஆகவே தொடரில் வரும் உரையாடல்களும் சதிகளும் வாள்வீச்சும் பெரும்பாலும் கதாசிரியரின் கற்பனை. நான் இதைச் சொன்னதும் தம்பிக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாம் கதைதானே மகள், அத விடுங்க" என்றார் வாப்பா.

கதையாக இருப்பதில் எனக்கு ஆட்சேபனையில்லை. கதையை வரலாறு என்று நம்பிக்கொண்டு பாடசாலைக்குப் போவதுதான் பிரச்சினை. தம்பிக்குக் காயி கோத்திரத்தின் கூடாரங்கள் அத்தனையும் தெரியும். வீரர்களின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். ஆனால் அவனுடைய சொந்த உம்மா எந்த ஊரில் பிறந்தார், அந்த ஊரை விட்டு ஏன் வந்தார் என்று கேட்டால் தெரியாது. அவனை மட்டும் ஏன் சொல்வான்? எனக்கும் முழுமையாகத் தெரியாது.

மூன்றாவது 'வஜ்தா'. 2012இல் வெளிவந்த இப்படத்தை எடுத்தவர் ஹைஃபா அல் மன்சூர் என்ற சவூதிப் பெண்மணி. முழுவதும் சவூதி அரேபியாவிலேயே படமாக்கப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படம் என்று சொல்வார்கள். அப்போது அந்த நாட்டில் திரையரங்குகளே இருக்கவில்லை. 2018இல்தான் திறந்தார்கள். ரியாத் தெருவில் ஆண்களோடு நின்று இயக்க முடியாததால், சில காட்சிகளை ஒரு வேனுக்குள் இருந்தபடி வோக்கி டோக்கியில் பேசி எடுத்திருக்கிறார். கதை எளிமையானது. பத்து வயது வஜ்தாவுக்கு ஒரு பச்சைச் சைக்கிள் வேண்டும். அதற்குப் பணம் சேர்க்க, பாடசாலையில் நடக்கும் குர்ஆன் போட்டியில் சேர்கிறாள்.

உம்மாவுக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. "காசுக்காக ஓதுறத ஒரு படமா எடுக்கணுமா? அந்த அதிபர அவ்வளவு கெட்டவவாக் காட்டணுமா? இதப் பாக்கிற மத்த ஆக்கள் நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று கேட்டார். இதை எடுத்தவரும் நம்மைப் போல ஒரு முஸ்லிம் பெண்தானே, தன் வீட்டுக் குறையைத் தானே சொல்வதற்கு அவருக்கு உரிமையில்லையா என்று நான் கேட்டேன். வஜ்தா பணத்துக்காகத்தான் ஓதத் தொடங்குகிறாள், ஆனால் ஓத ஓத அவளுடைய குரல் மாறுகிறது, கடைசியில் அவள் ஓதுவதில் மனம் இருக்கிறது என்றும் சொன்னேன்.

உம்மா என் பேச்சை ஏற்கவில்லை. ஆனால் நான் கவனிக்காத ஒன்றைச் சொன்னார். கணவன் இன்னொரு திருமணம் செய்யப்போவதைத் தடுக்க, ஒரு சிவப்பு உடை வாங்கி உடுக்க வேண்டும் என்று வஜ்தாவின் தாய் ஆசைப்படுகிறாள். கடைசியில் அவள் வாங்குவது உடையல்ல, மகளுக்குச் சைக்கிள். "அந்தப் புள்ளட கதை இல்ல இது. அந்த உம்மாட கதை" என்றார். நான் அந்தப் படத்தை மீண்டும் ஒரு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். உம்மா சொன்னது சரி. பிடிக்காத படத்தை என்னைவிட நன்றாகப் பார்த்திருந்தார்.

கடைசியாக, எங்கள் ஆசிரியை ஒருவர் பார்க்கச் சொன்ன 'இர மெதியம'. பிரசன்ன விதானகே இயக்கிய இலங்கைப் படம். யுத்த காலத்தின் மூன்று கதைகள் அதில் உள்ளன. அவற்றில் ஒன்று அரபாத் என்ற முஸ்லிம் சிறுவனுடையது. வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொல்கிறார்கள். பெரியவர்கள் எதை எடுப்பது, எதை விடுவது என்று தவிக்கிறார்கள். அவனுக்கு ஒரே கவலைதான். தன் நாயைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும், யாழ்ப்பாணத்தில் அதற்கு இரண்டு மணித்தியால அவகாசமே கொடுக்கப்பட்டதும் நான் படித்து எழுதிய விடயங்கள்தான். உம்மா சோனகத் தெருவில் பிறந்தவர், அப்போது அவருக்குப் பத்து வயது என்பதும் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதுமில்லை.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உம்மா பேசத் தொடங்கினார். "எங்கட வீட்ல கோழி ஒண்டு அடைக்கு இருந்தது. இன்னும் நாலஞ்சு நாள்ல குஞ்சு பொரிக்கும். நான் அத விட்டுட்டு வர மாட்டன் எண்டு அழுதன். உம்மும்மா என்ட கையப் புடிச்சு இழுத்துக்கொண்டு வந்தா."

தம்பி, "பிறகு அந்தக் கோழிக்கு என்ன நடந்தது உம்மா?" என்று கேட்டான்.

"தெரியாது மகன்" என்றார் உம்மா.

வாப்பா எழும்பிப் போய் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அன்று படத்தை நாங்கள் முழுதாகப் பார்க்கவில்லை. மீதியைப் பிறகு ஒரு நாள் பார்த்தோம்.

இதை வாசிக்கும் பெற்றோர்களிடம் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். படமே வேண்டாம் என்று முடிவெடுத்த வீடுகள் உண்டு. அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வீடுகளிலும் கைப்பேசி இருக்கிறது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டால் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடும் என்று நினைக்க வேண்டாம். பிள்ளை போர்வைக்குள் போய்விடும், அவ்வளவுதான். என்ன பார்க்கிறாய் என்று கேட்டால் நாங்கள் பொய் சொல்லக்கூடும். என்ன கதை, சொல்லு பார்ப்போம் என்று கேட்டுப் பாருங்கள். பொய் சொல்வது கடினம். அதைவிட முக்கியம், பக்கத்தில் வந்து அமருங்கள். உங்களுக்குப் பிடிக்காததை ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். நாங்கள் எதிர்த்துப் பேசுவோம். அது மரியாதைக் குறைவு அல்ல. அன்று எதிர்த்துப் பேசியதால்தான் வஜ்தாவின் தாயை நான் கண்டேன்.

என் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. நான்கு இரவில் பதினாறு அத்தியாயங்களை விழுங்குவது பெரிய சாதனையல்ல. அதைச் செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன். உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் நமக்கு இரண்டு வாரத்தில் இரண்டு மணித்தியாலம் போதும். நாடகமோ படமோ, முடிந்ததும் உடனே அடுத்ததை அழுத்தாதீர்கள். இது யாருடைய கதை, யார் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று உங்களையே கேளுங்கள். பதில் வராவிட்டால் நீங்கள் படம் பார்க்கவில்லை. நேரத்தைத்தான் போக்கியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. தெஹ்ரான் சிறுவனின் சப்பாத்துக்காக நாம் கலங்குகிறோம், அனடோலியாவின் வீரனுக்காகக் கை தட்டுகிறோம். தவறில்லை. ஆனால் புத்தளத்தில் என் வீட்டுச் சமையலறையில் நிற்கும் ஒரு பெண்ணின் கதையை எனக்குச் சொல்ல, ஒரு சிங்கள இயக்குநரின் படம் வர வேண்டியிருந்தது. அவருக்கு நன்றி. அடுத்த கதையை நம்மில் ஒருத்தி எழுதினால் என்ன?

சென்ற சனிக்கிழமை இஷா தொழுதுவிட்டு வந்து, இன்றைக்கு என்ன படம் என்று தம்பி கேட்டான். இன்றைக்குப் படம் இல்லை என்றேன். தொலைக்காட்சியைப் போடாமல் உம்மாவின் பக்கத்தில் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன்.

"உம்மா, அந்தக் கோழியில இருந்து தொடங்குங்க. என்ன கதை, சொல்லுங்க பாப்பம்."