சைக்கிள் வந்தது, கட்டுத்துணி வரவில்லை

தொப்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கணவாய்தான் நினைவுக்கு வரும். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் தேசிய நெடுஞ்சாலைச் சரிவு. 2020 டிசம்பர் 12 அன்று நெரிசலில் நின்றிருந்த வண்டிகள் மீது லாரி மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் நான்கு பேர். அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரிய விபத்துக்குப் பேரும் தேதியும் உண்டு, அமைச்சர்களின் இரங்கலும் உண்டு.

அதே சாலையின் ஓரத்தில், மண்ணும் ஜல்லியும் கலந்த அந்த ஒன்றரை அடி அகலத்தில், சைக்கிள் ஓட்டுகிறவர் விழுந்தால் செய்தி கிடையாது. முழங்கால் தோல் உரிந்து, உள்ளங்கையில் கல் ஏறி, எழுந்து வண்டியின் ஹேண்டில் பாரை நேராக்கிக்கொண்டு போய்விடுவார். வீட்டில் காப்பித்தூளை அப்புவார்கள். மூன்றாம் நாள் சீழ் பிடிக்கும், ஐந்தாம் நாள் கூலிக்குப் போக முடியாது. இந்தச் சின்ன விபத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். இதில் என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இன்று சைக்கிள் ஓட்டுவது யார்? உடற்பயிற்சிக்காக ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறவர்களை விட்டுவிடுவோம். நம் பகுதிகளில் சைக்கிள் என்றால் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், பைக் வாங்க வழியில்லாத கூலிக்காரர்கள், வயதானவர்கள். தமிழ்நாட்டில் இலவச சைக்கிள் திட்டம் 2001-02இல் தொடங்கியபோது அது மேல்நிலை வகுப்பில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்குத்தான் கொடுக்கப்பட்டது. பிறகுதான் படிப்படியாக எல்லாச் சமூகத்துக்கும் விரிந்தது. சேரியிலிருந்து பள்ளி தூரம், பஸ் நேரத்துக்கு வராது, நடந்து போனால் பெண் பிள்ளையின் படிப்பு பத்தாவதோடு நின்றுவிடும் என்று தெரிந்தே கொண்டுவந்த திட்டம் அது. நல்ல திட்டம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் சைக்கிளோடு ஒரு பூட்டு வந்தது, ஒரு மணி வந்தது. விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு மணி நேரப் பாடம்கூட வரவில்லை.

அடுத்தது சட்டம். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு 3(1)(இசட்ஏ) என்று ஒன்று இருக்கிறது. பொது இடத்தில் ஒரு தலித் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறி ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்கிறது அது. அதே பிரிவில் சற்றுக் கீழே, மருத்துவமனைக்குள்ளோ மருந்தகத்துக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழைவதைத் தடுப்பதும் குற்றம் என்று வருகிறது. இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு நாடாளுமன்றம் இப்படி எழுத வேண்டியிருந்தது என்றால், ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தாத்தாக்களின் கதை பழங்கதையாக முடிந்துவிடவில்லை என்றுதான் பொருள். இதே மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகளோடு வண்டிகளும் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. நம்மிடம் சக்கரம் இருப்பதே சிலர் கண்ணை உறுத்துகிறது.

சைக்கிளும் மருத்துவமனையும் ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்தில் வருவது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. வண்டியில் ஏறும் உரிமையும் விழுந்தால் தூக்கப்படும் உரிமையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

தூக்குவது, தொடுவது. காயத்தின் சிக்கலே இங்கேதான். மாத்திரையைத் தூக்கிப் போடலாம், மருந்துச் சீட்டை மேசையில் தள்ளிவிடலாம். காயத்துக்குக் கட்டுப் போட வேண்டுமென்றால் தொட்டே ஆக வேண்டும். அடுத்தவர் ரத்தம் நம் விரலில் படும். சாதி எதை எதிர்த்து இத்தனை நூற்றாண்டாகச் சுவர் கட்டியிருக்கிறதோ அதையேதான் காயம் கேட்கிறது.

அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். 1929இல் கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியர் எழுதிய கடிதம் அது. பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு முடியாமல் போகிறது. சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார் டாக்டர். பெரிய மனிதர்கள் சிபாரிசு செய்து, இரண்டு ரூபாய் கட்டணத்துக்குப் பொறுப்பேற்று, நோயாளியைக் காலனிக்கு வெளியே தூக்கி வந்தால் பார்ப்பதாக ஒப்புக்கொள்கிறார். வெப்பமானியை டாக்டர் ஒரு முஸ்லிமிடம் தருகிறார், அவர் கணவனிடம் தருகிறார், கணவன் மனைவிக்கு வைக்கிறார், பிறகு அதே வழியில் திரும்புகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து நிமோனியா என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விடுகிறார். அந்தப் பெண் இறந்துவிடுகிறார். டாக்டருக்கு மருத்துவம் தெரிந்திருந்தது. கை மட்டும்தான் வரவில்லை.

பழைய கதை என்று சொல்பவர்களுக்கு: 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் ஆய்வு செய்து 2006இல் நூலாக வந்த 'கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை' ஆய்வு, பொது சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுக்கும் கிராமங்கள் மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னது. தமிழ்நாட்டு மருத்துவமனைகள் வடக்கைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் கிராம சுகாதாரச் செவிலியர்கள் பலர் நல்ல உழைப்பாளிகள். அவர்களில் நம் பெண்களும் நிறைய உண்டு. இருந்தாலும் விபத்து நடக்கும் இடம் மருத்துவமனை இல்லை, சாலையோரம். முதல் பத்து நிமிடம் யார் கை நீள்கிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கை நம்முடையதாக இருக்கட்டும். விழுந்தவர் எந்தத் தெருவாக இருந்தாலும்.

சரி, அந்தக் கை என்ன செய்ய வேண்டும்?

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். கைக்குட்டை, துண்டு, துப்பட்டா எதுவானாலும் சரி. பத்து நிமிடம். இரண்டு நிமிடத்துக்கொரு தடவை எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, உறையத் தொடங்கிய ரத்தத்தைப் பிய்த்துவிடுவீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். கம்பியோ கண்ணாடியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அது அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டி அனுப்புங்கள். உங்கள் கையில் வெட்டோ புண்ணோ இருந்தால் ஒரு பாலித்தீன் பையை மாட்டிக்கொள்ளுங்கள். அது தீண்டாமை இல்லை, நோய்த்தடுப்பு.

சிராய்ப்புக்கு முதல் மருந்து தண்ணீர். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் கழுவ வேண்டும், சுற்றியுள்ள தோலுக்குச் சோப்பு போட வேண்டும். தார்ச்சாலைத் துகளும் மண்ணும் உள்ளே தங்கினால் சீழும் பிடிக்கும், ஆறிய பிறகு கருநீலத் தழும்பாகவும் நின்றுவிடும். வலிக்கும், பிள்ளை கத்தும், அதற்காகப் பாதியில் விடாதீர்கள். 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்தில் இறங்கி அள்ளியது குடிக்கும் தண்ணீரை. காயம் கழுவவும் அந்தத் தண்ணீர்தான் வேண்டும். காலனிக் குழாயில் நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடும் ஊராட்சிக்கு இது புரிய வேண்டும்.

காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், மண்ணெண்ணெய், பேனா மை, பற்பசை எதுவும் வேண்டாம். மஞ்சளைப் பற்றிச் சொன்னால் பாட்டிமார்கள் சண்டைக்கு வருவார்கள். அடுப்படி டப்பாவில் எல்லாக் கையும் பட்டுக் கிடக்கும் தூளைத் திறந்த காயத்தில் கொட்டாதீர்கள், அவ்வளவுதான். வெட்டுக்காயத் தழையைக் கசக்கிப் பிழிவதும் அப்படியே: வயல் வரப்பின் மண்ணும் அதனோடு வருகிறது. டெட்டாலை அப்படியே ஊற்றுவது புதிதாக வளரும் தசையையும் சேர்த்து எரிக்கும்.

இன்னொரு பிடிவாதம், காற்றுப் பட்டால்தான் காயும் என்பது. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், மூடி ஈரப்பதமாக வைத்த காயம் திறந்து காய விட்டதைவிட வேகமாகப் புதுத் தோல் கட்டுவதைக் காட்டினார். பக்குக் கட்டினால் ஆறிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் புதுத் தோல் அந்தப் பக்குக்கு அடியில் வழி தேடித் தவழ வேண்டியிருக்கிறது. ஆகவே கழுவிய காயத்தின் மேல் ஒட்டாத துணியை வையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் பாரஃபின் காஸ் என்று கேட்டால் தருவார்கள். இல்லையென்றால் காஸ் துணியில் கொஞ்சம் வாசலின் தடவினாலும் போதும். மேலே உலர்ந்த காஸ், அதன் மேல் ரோலர் பேண்டேஜ். இறுக்கக் கூடாது, விரல் நுனி நீலமானாலோ மரத்தாலோ உடனே தளர்த்துங்கள். தினம் ஒரு முறை மாற்றுங்கள், நனைந்தாலும் மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டால் தண்ணீர் விட்டு ஊற வைத்து எடுங்கள், பிய்க்காதீர்கள். இரண்டாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினால், சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், வீட்டு வைத்தியம் முடிந்தது என்று அர்த்தம். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

சைக்கிளுக்கே உரிய இரண்டு காயங்களை வெளியே பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கேரியரில் உட்கார்ந்த குழந்தையின் கால் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போவது ஒன்று. காலை இழுக்காதீர்கள். சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கம்பியை வளையுங்கள், வெட்டுங்கள், கம்பி போனால் போகட்டும். குதிகாலில் சின்னக் கீறல்தானே என்று தோன்றும். நசுங்கிய தோல் இரண்டு மூன்று நாளில் கறுத்துச் செத்துப்போகலாம், உள்ளே எலும்பும் விரிந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள். இன்னொன்று, ஹேண்டில் பார் முனை வயிற்றில் குத்துவது. வெளியே ஒரு ரூபாய் அளவு சிவப்பு வட்டம் மட்டும் தெரியும். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கணையமோ அடிபட்டிருக்கும். சில மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்று வலி, முகம் வெளிறல். விழுந்ததற்குத் திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் மறைப்பது இதைத்தான். திட்டாதீர்கள், கேளுங்கள். தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ 108தான்.

கை ஊன்றி விழுந்து காரை எலும்பு உடைந்தால் தோள்துண்டே போதும், முக்கோணமாக மடித்துக் கழுத்தில் தொங்கவிட்டுக் கையைத் தாங்கலாம். எந்தத் துண்டைத் தோளில் போடக் கூடாது என்று நம் தாத்தாக்களை இடுப்பில் கட்டச் சொன்னார்களோ அதே துண்டு.

ஊசி பற்றி ஒரு வார்த்தை. டி.டி. என்று நாம் பழகிய ஊசி இப்போது டி.டி. அல்ல, டெட்டனஸோடு டிப்தீரியாவுக்கும் சேர்த்த தடுப்பூசி. 10 வயதிலும் 16 வயதிலும் இலவசமாகப் போட வேண்டும். 16 வயது என்றால் ஏறக்குறைய சைக்கிள் கிடைக்கும் வயது. மண் படிந்த காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி தேவை. சிறு வயதுத் தவணைகளே முடியாதவருக்கு, சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு இது நடக்கும், அழுக்குக் காயம் என்றால் கூடுதலாக இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படலாம். அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உதவி செய்தால் போலீஸ் கேஸில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இன்னும் இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, மோட்டார் வாகன விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது. பேர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். முன்பணம் கேட்டால் திட்டத்தின் பேரைச் சொல்லுங்கள். பேரைச் சொன்னதுமே பேச்சு மாறும்.

இதையெல்லாம் நாமே கற்றுக்கொண்டால் அரசுக்கு வேலை மிச்சம்தானே என்று ஒரு தோழர் சண்டை போட்டார். நியாயமான கோபம். ஆனால் கட்டுப் போடத் தெரிந்தவர்தான் கட்டுத்துணி இல்லை என்று குறிப்பாகக் கேட்க முடியும். தெரியாதவருக்கு எது இல்லை என்பதே தெரியாது. முகாம்களில் சட்டப் பிரிவுகளை இரண்டு நாள் சொல்லித் தருகிறோம், போராட்டத்தில் தடியடி பட்ட தலைக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரிவதில்லை. ரத்தம், சீழ், மலம் இவற்றைத் தொடும் வேலையைக் கீழானது என்று தள்ளிய அதே புத்தி நம் இயக்கங்களுக்குள்ளும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. மேடை ஆண்களுக்கு, மருந்து போடுவது பெண்களுக்கு என்று.

அடுத்த சைக்கிள் வழங்கும் விழாவுக்கு முன்பு ஒரு வேலை செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, உங்கள் அரசுப் பள்ளியில் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, அதில் என்னென்ன இருக்கின்றன, கடைசியாக எப்போது வாங்கினார்கள், பயிற்சி பெற்ற ஆசிரியர் யார் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பெட்டி தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டியிருக்கிறது என்று பதில் வந்தால், பள்ளி விட்டு மாலை ஐந்து மணிக்கு மேல் சாவி யாரிடம் இருக்கும் என்று அடுத்த மனுவில் கேளுங்கள்.