ஹேட்ச் அலங்காரம் அன்று, கூற்று

கணினி வரைபடத்தில் ஹேட்ச் என்பது வெற்றிடத்தை நிரப்பும் அலங்காரம் என்னும் எண்ணம் நம் கட்டடக்கலை வகுப்பறைகளில் ஊறிப்போயிருக்கிறது. மாணவர் பட்டியலைத் திறக்கிறார். கண்ணுக்குப் பிடித்த ஒன்றைச் சொடுக்குகிறார். பார்க்க நன்றாயிருக்கும் வரை அதன் அளவைக் கூட்டிக் குறைக்கிறார். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. குறிகளின் இயல்பை அறிந்த எவரும் இதை ஏற்க இயலாது.

ஹேட்ச்களில் இருவகை உண்டு. ஆட்டோகேடில் ‘ஏஎன்எஸ்ஐ31’ என்பது 45 பாகைச் சாய்கோடுகள். இரும்பு, செங்கல், கற்கட்டு மூன்றையும் அதன் விளக்கவரி ஒருங்கே சுட்டுகிறது. இரும்புக்குள் சாய்கோடு ஓடுவதாக யாரும் நம்புவதில்லை. அது நம் இலக்கணம் கூறும் இடுகுறி; சசூர் வலியுறுத்திய தன்னிச்சைத்தன்மை உடையது. ‘ஏஆர்-பிஆர்எஸ்டிடி’ அப்படிப்பட்டதன்று. சுவரின் முகத்தில் செங்கல் வரிசைகளையே வரைந்து காட்டுவது அது. பெர்ஸ் கூறும் உருக்குறி. ஒப்புமைதான் அதன் பொருள். ஒப்புமை பொய்த்தால் குறியும் பொய்த்துவிடும்.

அது பொய்க்கத்தான் செய்கிறது. அந்த உருவில் ஒரு வரிசையின் உயரம் 2.667 அங்குலம், அதாவது ஏறத்தாழ 67.7 மி.மீ. அது அமெரிக்கச் செங்கல்லின் அளவு. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1077 கூறும் 190 × 90 × 90 மி.மீ. செங்கல், சாந்துடன் சேர்ந்து 100 மி.மீ. வரிசையாகிறது. ஒரு மீட்டர் உயரத்தில் பத்து வரிசைகள் இருக்க வேண்டிய சுவர், வரைபடத்தில் ஏறக்குறைய பதினைந்து வரிசைகளாகிறது. அதே தர நிர்ணயம் அனுமதிக்கும் 70 மி.மீ. உயரச் செங்கல்லைக் கொண்டாலும் பன்னிரண்டரை வரிசைக்கு மேல் வராது.

“வரைபடத்தில் யார் ஐயா செங்கல்லை எண்ணப் போகிறார்கள்?” என்று கேட்பார்கள். இடித்துவிட்ட பழங்கட்டடத்திற்கு அளவை வரைபடமே எஞ்சிய சான்றாகும்போது, பின்வரும் ஆய்வாளர் அதைத்தான் எண்ணுவார். எழுத்துப்பிழை மலிந்த கல்வெட்டுப்படியை ஏற்காத நாம், இதை மட்டும் ஏற்பது எங்ஙனம்?

“மென்பொருளில் இருப்பதைத்தானே போட முடியும்?” என்பது அடுத்த சமாதானம். மரச்சில்லுக் கூரைக்கு உரு கொண்ட அந்த இயல்புப் பட்டியலில், மங்களூர் ஓட்டுக்கும் செம்பாறாங்கல்லுக்கும் இடமில்லை என்பது மெய்தான். ஆனால் பட்டியல் ஒரு சாதாரண உரைக்கோப்பு. கோணம், தொடங்கும் புள்ளியின் இரு எண்கள், அடுத்த கோட்டின் நகர்வு, இடைவெளி, பிறகு கோட்டுத்துண்டின் நீளங்கள். நேர்மம் என்றால் கோடு, எதிர்மம் என்றால் வெற்றிடம், சுழியம் என்றால் புள்ளி. இலக்கணம் இவ்வளவே. மில்லிமீட்டரில் நம் அரைக்கல் சுவருக்கு, பெயர்வரியின் கீழ் இரண்டே வரிகள் போதும்:

0, 0,0, 0,100
90, 0,0, 100,100, 100,-100

முதல் வரி படுக்கைக் கோடுகளையும், இரண்டாம் வரி ஒன்றுவிட்டு ஒன்று விலகி நிற்கும் செங்குத்து இணைப்புகளையும் தருகிறது. இதைக் கற்பிக்க ஒரு வகுப்புநேரம் போதும். கற்பிக்காமல் விடுவது, பிறர் எழுதிய வாக்கியங்களை மட்டும் ஒப்பிக்கத் தெரிந்த மாணவரை உருவாக்குவதாகும்.

ஆகவே பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஹேட்ச் பட்டியலிலிருந்து தெரிவு செய்யும் பயிற்சியோடு நில்லாமல், தம் ஊர்ச் சுவர் ஒன்றை அளந்து அதற்கான உருவை எழுதும் பயிற்சியையும் கட்டாயமாக்குங்கள். அழகுக்கு அன்று, அளவு மெய்யானதா என்பதற்கே மதிப்பெண் கொடுங்கள்.