போன் கொடுத்தால் போதுமா?

2025 ஏப்ரல் 30 அன்று சுப்ரீம் கோர்ட் அளித்த ஒரு தீர்ப்பை ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் அறிந்திருப்பது அவசியம்.

பாங்கில் கணக்குத் தொடங்கவும் சிம் கார்டு வாங்கவும் இன்று ஆளைச் சரிபார்க்கிறார்கள். காமிராவின் முன் கண்ணைச் சிமிட்டிக் காட்டினால்தான் உயிருள்ள ஆள் என்று யந்திரம் பல இடங்களில் ஒப்புக்கொள்கிறது. ஆசிட் வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்றவர் காமிராவுக்கு நேராக முகத்தை எப்படி நிறுத்துவார்? ஆசிட் வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூன் முதலியோரும், பார்வையற்றவரான அமர் ஜெயினும் இதற்காக வழக்குத் தொடுத்தார்கள். நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் 20 உத்தரவுகளைப் பிறப்பித்தனர். இத்தகைய சேவைகளை எல்லோரும் அடைவது, அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றும் கூறினர்.

தீர்ப்பை வரவேற்கிறோம். ஆனால் உரிமை உண்டு என்று சொன்னால் மட்டும் போதுமா? அதைக் கையாளப் பழக்கிவிடுவது யார்? இதுவே நமது கேள்வி.

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி நம் நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளோர் சுமார் 50 லட்சம் பேர். எல்லோரும் பிறவியிலேயே பார்வை இழந்தவர்கள் அல்லர். சர்க்கரை வியாதியாலும், கண்ணில் அழுத்தம் கூடியதாலும், வேலையிடத்தில் சுண்ணாம்போ இரும்புத் துணுக்கோ தெறித்ததாலும் நடுவயதில் பார்வை இழந்த உழைப்பாளிகள் உண்டு. இவர்களில் பலர் பிரெயில் எழுத்துக் கற்றதில்லை. கூலியும் பென்ஷனும் பாங்குக்குப் போகின்றன. பணம் வந்ததா என்று அறிய இன்னொருவர் கையில் போனைக் கொடுக்க வேண்டும், ஓ.டி.பி. எண்ணை அவரையே படிக்கச் சொல்ல வேண்டும். ரகசிய எண்ணையும் அவரிடமே சொல்ல வேண்டும். உழைத்துச் சேர்த்த காசின் சாவி பிறர் கையில்! அவர் நல்லவராக இருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால்?

பழைய பட்டன் போனில் இந்தச் சங்கடம் குறைவு. 5 என்ற பட்டனில் ஒரு சிறு புள்ளி மேடாக இருக்கும். அதைத் தடவி மற்ற எண்களை விரல் கண்டுபிடிக்கும். 2007ல் ஆப்பிள் கம்பெனியின் ஐபோன் வந்தது. பட்டன்கள் போய் வழவழப்பான கண்ணாடி வந்தது. பார்வையற்றவருக்கு அதில் பிடிப்பு எதுவும் இல்லை. முதலில் வந்த போனில் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதியே கிடையாது. 2009ல்தான் அது சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டு போன்களுக்கும் டாக்பேக் என்ற பேசும் ஏற்பாடு வந்தது.

இந்த மாறுதலில் பார்வையற்றவர்களின் பங்கு உண்டு. புனேயில் வளர்ந்து, 14 வயதில் பார்வை இழந்து, பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்த டி.வி. ராமன் கூகுள் கம்பெனியில் என்ஜினீயராக இருந்தபோது, கண்ணாடியில் எண்களைத் தேடாமலே போன் செய்ய சக என்ஜினீயர் சார்லஸ் சென்னுடன் ஒரு வழி கண்டார். விரல் முதலில் எங்கே படுகிறதோ அதுவே 5. அங்கிருந்து மேலே நகர்த்தினால் 2, கீழே நகர்த்தினால் 8. தேவையை அறிந்தவனே யந்திரத்தைத் திருத்தவும் அறிவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்று பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், விலை குறைந்தவற்றிலும், டாக்பேக் இருக்கிறது. தனிக் காசு இல்லை. செட்டிங்ஸில் ‘அணுகல்தன்மை’ என்ற பகுதியில் அதை இயக்கலாம். தமிழ்க் குரலையும் தேர்ந்தெடுக்கலாம். பிறகு விரல் படும் இடத்தில் உள்ளதைப் போன் சொல்லும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது. இடப்பக்கம் தள்ளினால் முந்தியது. வேண்டியது வந்ததும் இரண்டு முறை தட்டினால் திறக்கும். காதில் இயர்போன் மாட்டி, திரையை இருட்டாக்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவனுக்கும் எதுவும் தெரியாது. ரகசியம் ரகசியமாகவே இருக்கும்.

ஆனால் இது ஒரு நாளில் வந்துவிடாது. அறுந்த இழையைச் சேர்க்கப் புதிய மில் தொழிலாளி எத்தனை நாள் பழகுகிறான்! வரிசை பிசகாமல் நாற்று நடும் விரல்கள் ஒரே நாளில் பழகியவையா? போனும் அப்படித்தான். முதல் வாரத்தில் விரல் தடுமாறும். பேச்சு வேகமாக ஓடும். தட்டியது ஒன்று, திறந்தது வேறொன்று என்று இருக்கும். பேச்சு இயங்கும்போது பார்வையுள்ளவர் வழக்கம்போல் தொட்டால் போன் கேட்காது. எரிச்சலில் வீட்டார் அதை நிறுத்திவிடுகிறார்கள். “உனக்கு எதற்கு இது?” என்கிறார்கள். கற்பவரின் ஊக்கம் அன்றோடு போய்விடுகிறது.

கற்றுத் தேறியவரையும் மறிக்கும் தடைகள் உண்டு. செயலி எழுதியவர் பட்டனுக்குப் பெயர் வைக்காவிட்டால், போன் ‘பட்டன்’ என்று மட்டும் சொல்லும். அது பணம் அனுப்பும் பட்டனா, ரத்து செய்யும் பட்டனா? அறிவிப்பைப் படமாகப் போட்டால் குரல் பெரும்பாலும் மௌனமாகிவிடும். ஓ.டி.பி.யைக் கேட்டு எழுதி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். இந்தக் குற்றம் பார்வையற்றவருடையதா? இல்லை. அவரை நினைக்காமல் செய்தவருடையது. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016லேயே வந்துவிட்டது. இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை.

தமிழ்நாடு சர்க்கார் பார்வையற்றோருக்குத் தக்க செயலியுடன் டச் போன் வழங்கும் திட்டம் கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் போனோடு பழக்கும் ஏற்பாடும் வேண்டும். ஆகவே நாம் கோருவது:

1. ஒவ்வொரு தாலுக்காவிலும் இலவசப் பயிற்சி நிலையம் வேண்டும். இதில் கைதேர்ந்த பார்வையற்றவர்களையே சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும். பயிற்சிக்கு வருவோருக்குப் பஸ் செலவும் இழந்த கூலியும் தர வேண்டும்.

2. பாங்கு, ரேஷன், பென்ஷன் சம்பந்தப்பட்ட எந்தச் செயலியும், பார்வையற்றோர் சோதித்துச் சரி என்ற பிறகே வெளிவர வேண்டும்.

3. போன் இல்லை, பழக்கம் இல்லை என்ற காரணத்தால் ஒருவருக்கும் கூலியோ பென்ஷனோ மறுக்கப்படக் கூடாது. பாங்குக் கவுண்டரும் அங்கே ஓர் ஆளும் எப்போதும் இருக்க வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில், உங்கள் மில்லில் வேலை செய்து பார்வை இழந்தவர் இருப்பார். அவரைத் தேடிப் போங்கள். அவர் போனில் தமிழ்க் குரலை இயக்கிக் கொடுங்கள். மாலையில் அரை மணி நேரம் சங்க அலுவலகத்தில் உட்கார்த்திப் பழக்குங்கள். அவர் விரலைப் பிடித்து நீங்களே தட்டாதீர்கள். வழியைச் சொல்லுங்கள், அவரே தட்டட்டும். தன் கூலி வந்த செய்தியைத் தன் காதாலேயே அவர் கேட்க வேண்டும். அதுவரை பழக்குவது நம் கடமை.